முத்துப் பொடி, மீன் செதில், மூணாவது டப்பா

முதல்லயே சொல்லிடுறேன். எனக்கும் அழகுக்கலைக்கும் ரொம்ப தூரம். குளிச்சிட்டு பவுடர் போட்டு, பொட்டு வெச்சா என் மேக்கப் முடிஞ்சுது. அப்படிப்பட்ட என்னைப் போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை முழுக்க கண்ணாடி முன்னாடி உட்கார வெச்சிட்டா எங்க அக்கா மக.

அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகி இருக்கு. இன்னும் நாப்பது நாள். பை நிறைய சாமான் வாங்கி வெச்சிருந்தா. "சித்தி, நான் மட்டும் தனியா போட்டா அம்மா ஏசுவா. நீங்களும் போடுங்க, ரெண்டு பேருமா டெஸ்ட் பண்ணிப் பாப்போம்"னு கூப்பிட்டா. சரி, வரலாறு வரலாறுன்னு சொல்லிக்கிட்டு இருக்கோம், இதுலயும் ஏதாவது கிடைக்காமலா போகும்னு உட்கார்ந்துட்டேன். :-)

வீடு முத்தையாபுரத்துல. தூத்துக்குடியில இருந்து திருச்செந்தூர் போற ரோடு. ஒரு பக்கம் துறைமுகம், இன்னொரு பக்கம் உப்பளம். பேர்லயே முத்து இருக்கேன்னு வெளியூர்க்காரங்க கேப்பாங்க. முத்தையாங்கிறது ஆள் பேருங்க. ஆனா முத்துக்கும் எங்க கடலுக்கும் ரெண்டாயிரம் வருஷப் பழக்கம் உண்டு. அன்னைக்கு அவ பையில இருந்து முதல்ல வெளிய வந்ததும் அந்த முத்துதான். அட்டைப்பெட்டி மேல பெரிசா ஒரு சிப்பி படம், "முத்து ஃபேஷியல்".

முதல் டப்பா: முத்துப் பொடி

பெட்டிக்குள்ள நாலு சின்ன டப்பா. கிளென்சர், ஸ்க்ரப், மசாஜ் கிரீம், பேக். பத்து நிமிஷம் தேய், அஞ்சு நிமிஷம் காய விடு, கழுவுன்னு எழுதியிருந்தது. அவ சொன்னபடியே செஞ்சேன். முகம் வழவழன்னு இருந்தது உண்மை. கால் மணி நேரம் எண்ணெய்ப்பசை உள்ள கிரீமை வெச்சுத் தேய்ச்சா யார் முகமும் வழவழன்னுதான் இருக்கும்.

பெட்டியைத் திருப்பி, பின்னாடி பொடி எழுத்துல இருந்ததைப் படிச்சேன். நம்ம நாட்டு விதிப்படி, ஒரு சதவீதத்துக்கு மேல இருக்கிற சேர்மானங்களை அளவு கூடினதுல இருந்து குறைஞ்சது வரைக்கும் வரிசையா எழுதணும். முத்துப் பொடி இருந்த இடம், கடைசிக்கு முந்தினது!

சரி, கொஞ்சமாவது இருக்கேன்னு வெச்சுக்குவோம். முத்தை அரைச்சா என்ன கிடைக்கும்? முத்துல நூத்துக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல கால்சியம் கார்பனேட். சுண்ணாம்புக் கல்லும் அதுதான், முட்டை ஓடும் அதுதான். அப்புறம் ஏன் முத்து மட்டும் மின்னுது? சிப்பி அந்தச் சுண்ணாம்பைச் சின்னச்சின்ன தகடுகளா அடுக்கி அடுக்கி வெச்சிருக்கு. ஒவ்வொரு தகடும் அரை மைக்ரான் கனம், அதாவது நம்ம தலைமுடி கனத்துல நூத்துல ஒரு பங்குக்கும் குறைவு. நடுவுல பசை மாதிரி ஒரு புரதம். வெளிச்சம் இந்த அடுக்குகள்ல பட்டுப் பட்டுத் திரும்பி, ஒண்ணோட ஒண்ணு கலந்து வர்றதுதான் அந்த ஒளி. மின்னுறது சரக்கால இல்ல, அடுக்கால. அரைச்சா அந்த அடுக்கு குலைஞ்சு போகும். மிஞ்சுறது வெள்ளைப் பொடி.

இதை அவகிட்ட சொன்னேன். "அப்போ நம்ம ஆச்சி போட்ட சங்கும் இதுவும் ஒண்ணுதானா சித்தி?"ன்னு கேட்டா பாருங்க, எனக்கே அது தோணல. எங்க ஆச்சி, முகத்துல பரு வந்தா சங்கைக் கல்லுல தண்ணி விட்டு உரசி, அந்தக் குழம்பைத் தொட்டு வைப்பா. சங்கும் கால்சியம் கார்பனேட்தான். அலமாரியில ஆச்சியோட சங்கு கிடந்தது. உரசி, மேல ரெண்டு சொட்டு எலுமிச்சை விட்டோம். புஸ்ஸுன்னு நுரைச்சுது. கிளியோபாட்ரா ஒரு பெரிய முத்தைப் புளிக்காடியில கரைச்சுக் குடிச்சான்னு ரோம் நாட்டு பிளினி எழுதி வெச்ச கதைக்குப் பின்னாடி இருக்கிற வேதியியலும் இதே நுரைதான்.

பிளினி பேர் வந்துட்டதால கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன்.

கி.பி. முதல் நூற்றாண்டுல ஒரு கிரேக்க வணிகர் எழுதின கடல்வழிக் கையேடு இருக்கு, பெரிப்ளஸ்னு சொல்லுவாங்க. அதுல கொல்கோய்னு ஒரு ஊர் வருது, பாண்டிய நாட்டு முத்துக்குளிக்கும் இடம். நம்ம கொற்கைதான் அது. இன்னைக்குக் கடல் விலகிப் போய், வயலும் வாழையுமா இருக்கிற சின்ன கிராமம். அங்க முத்துக் குளிக்க இறக்கப்பட்டவங்க தண்டனைக் கைதிகள்னு அந்தக் கையேடு சொல்லுது. அதே நூற்றாண்டுல ரோம்ல லோலியா பாலினாங்கிற சீமாட்டி, முத்தும் மரகதமுமா நாலு கோடி செஸ்டர்ஸ் மதிப்புக்கு நகை போட்டுக்கிட்டு ஒரு சாதாரண நிச்சயதார்த்த விருந்துக்கு வந்தாங்கன்னு பிளினி எரிச்சலோட எழுதறார். ஒரு முனையில கைதி, மறுமுனையில சீமாட்டி. நடுவுல கடல்.

பிற்காலத்துலயும் நிலைமை பெரிசா மாறல. குளிச்சவங்க பரதவர்களும், கீழக்கரை மாதிரி ஊர்கள்ல இருந்து வந்த இஸ்லாமியர்களும். கல்லுல கால் வெச்சு இறங்கி, மூச்சை அடக்கி, சுமார் ஒரு நிமிஷத்துல கைக்குக் கிடைச்ச சிப்பியைப் பையில வாரிக்கிட்டு மேல வரணும். போர்ச்சுக்கீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர்னு ஆள் மாறிக்கிட்டே இருந்தாங்க. ஆங்கிலேயர் காலத்துல சிப்பியில மூணுல ரெண்டு பங்கு அரசாங்கத்துக்கு, ஒரு பங்கு குளிச்சவங்களுக்கு. அந்த ஒரு பங்கும் கரையிலயே வியாபாரிகிட்ட போயிடும். தூத்துக்குடியில கடைசியா முத்துக்குளிப்பு நடந்தது 1955 முதல் 1961 வரைக்கும். அதோட சரி. 1973-ல தூத்துக்குடியில மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த அழகர்சாமி, சிப்பியை வளர்த்து உருண்டை முத்து எடுத்துக் காட்டினார். இந்தியாவுக்கே அது முதல் முறை.

எங்க ஆச்சி உப்பளத்துல வேலை பார்த்தவ. முத்துக் கடல் பக்கத்துலயே பிறந்து, வாழ்ந்து, செத்தும் போனா. அவ கழுத்துல நான் பார்த்தது பாசிமணிதான்.

ரெண்டாவது டப்பா: மினுமினுப்பு

அடுத்து எடுத்தது ஹைலைட்டர். கன்னத்து எலும்பு மேல விரலால லேசா தடவணும். தடவினதும் முகத்துல லைட் போட்ட மாதிரி ஆயிடுச்சு. அம்பது ரூபாய் பவுடர் பார்ட்டியான எனக்கே கொஞ்சம் ஆசையா இருந்தது, மறைக்கல. :-)

இதுலயும் முத்துன்னுதான் எழுதியிருந்தது, ஆனா "முத்து நிறம்"னு. உள்ள என்ன இருக்குன்னு தேடினா, இந்தக் கதை முத்தை விட சுவாரசியம்.

17ஆம் நூற்றாண்டுல பாரிஸ்ல ஜாகுவன்னு ஒருத்தர், ஜெபமாலை மணி செய்யறவர். ஒரு வகை ஆத்து மீனைக் கழுவின தண்ணி, முத்து மாதிரி மினுங்கறதைக் கவனிச்சார். அந்தச் செதில்ல இருந்து மினுக்கைப் பிரிச்சு, கண்ணாடி மணிக்கு உள்பக்கம் பூசினார். போலி முத்து ரெடி. அந்த மினுக்குக்குக் காரணம் குவானின்னு ஒரு பொருளோட மெல்லிய படிகங்கள். பின்னாடி நகப்பூச்சு, உதட்டுச்சாயம்னு எல்லாத்துக்குள்ளயும் இது புகுந்துச்சு. நம்ம ஊர்ல சாளை மீன் ஆயும்போது கையில வெள்ளி மாதிரி ஒட்டுமே, அதேதான். எங்க ஊர்ப் பெண்கள் தினம் தேய்ச்சுக் கழுவுற சமாச்சாரத்தை உலகம் காசு கொடுத்து முகத்துல பூசியிருக்கு!

1960-களுக்கு அப்புறம் மீன் செதிலோட இடத்தைப் பெருமளவு பிடிச்சது மைக்கா, நாம காக்காப்பொன்னுன்னு சொல்றது. மெல்லிய மைக்காத் தகடு மேல டைட்டானியம் டை ஆக்சைடை மெலிசா பூசுவாங்க. பூச்சோட கனத்தைக் கூட்டிக் குறைச்சா தங்கம், ரோஸ், வெள்ளின்னு நிறம் மாறும். முத்துச்சிப்பி செய்யற அதே அடுக்கு வேலை. அவ ஹைலைட்டர்ல இருந்தது இதுதான். இதுலயும் அடிமட்டத்துல ஒரு கதை இருக்கு. ஜார்க்கண்ட், பீகார் பக்கம் சின்னப் பிள்ளைங்க மைக்கா பொறுக்குற படங்களை நீங்களும் பத்திரிகைகள்ல பார்த்திருப்பீங்க. கைதி போய் குழந்தை வந்திருக்கு, அவ்வளவுதான்.

இன்னொண்ணு. டைட்டானியம் எதுல இருந்து வருது தெரியுமா? இல்மனைட்டுல. கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சி கடற்கரையில அள்ளுறாங்களே, அந்தக் கறுப்பு மணல். பெயின்ட்ல, கிரீம்ல, பவுடர்ல வெள்ளைன்னு நாம பார்க்கிற முக்கால்வாசி இந்த மாதிரி கறுப்பு மண்ணுக்குள்ள இருந்து எடுத்ததுதான். இதை அவகிட்ட சொன்னப்போ சிரிச்சா. ஆனா அந்தச் சிரிப்பு சரியில்ல. ஏன்னு கொஞ்ச நேரத்துல தெரிஞ்சுது.

மூணாவது டப்பா

பையோட அடியில ஒரு குட்டி வட்ட டப்பா. மஞ்சள் கிரீம். கம்பெனி பேர் இல்ல, முகவரி இல்ல, சேர்மானம் இல்ல, தேதி இல்ல. ஏற்கனவே பாதி காலி.

"இது என்னட்டி?"

"ஒரு பார்லர் அக்கா குடுத்தாங்க சித்தி. வெளிநாட்டுச் சரக்காம். ராத்திரி போட்டுப் படுக்கணும். ரெண்டு வாரமா போடுதேன். நல்லா வெளுத்திருக்கு, பாருங்க."

நான் ஒண்ணும் சொல்லாம இருந்ததைப் பார்த்து அவளே சொன்னா. "மாப்பிள்ளை வீட்டுல போட்டோ பார்த்துட்டு, பொண்ணு கொஞ்சம் மாநிறம், பரவால்லன்னு சொன்னாங்களாம்." அந்த "பரவால்ல"தான் ரெண்டு வாரமா அவ முகத்துல பூசியிருக்கு.

இங்க கொஞ்சம் நிதானமா எழுதணும்னு நினைக்கிறேன்.

மாநிறம்னு இன்னைக்கு நாம தயங்கித் தயங்கிச் சொல்ற இந்த நிறத்துக்குப் பழைய தமிழ்ல மாமைன்னு பேர். சங்கப் பாட்டுல தலைவியோட அழகைச் சொல்ற சொல் அது. மாந்தளிர் மாதிரியான நிறம்னு உரையாசிரியர்கள் விளக்குவாங்க. அந்த மாமை போய் உடம்பு வெளிறுறதுக்குப் பேர் பசலை. அது காதலன் பிரிஞ்ச நோயோட அடையாளம். திருக்குறள்ல 119ஆவது அதிகாரமே இந்த வெளிறலைப் பத்தினதுதான். அதாவது, வெளுக்கிறதுங்கிறது அந்தப் பாட்டுகள்ல அழகு இல்ல, துக்கம்.

13ஆம் நூற்றாண்டுக் கடைசியில மார்க்கோ போலோ இந்தக் கரைக்கு வந்தார். அவர் காயல்னு எழுதின துறைமுகம், முத்தையாபுரத்துல இருந்து திருச்செந்தூர் பஸ்ல போனா வழியில வர்ற பழையகாயல்தான்னு ஆய்வாளர்கள் சொல்றாங்க. முத்துக்குளிப்பைப் பத்தி விரிவா எழுதினவர், மாபார்னு அவர் சொல்ற இந்தத் தமிழ்க் கரையைப் பத்தி இன்னொண்ணும் எழுதியிருக்கார். இங்க எவ்வளவு கறுப்பா இருக்காங்களோ அவ்வளவு மதிப்பாம். பிறந்த குழந்தைக்கு வாராவாரம் நல்லெண்ணெய் தேய்ப்பாங்களாம், இன்னும் கறுக்கட்டும்னு. சாமியைக் கறுப்பாவும் பேயை வெள்ளையாவும் செய்வாங்களாம். எண்ணெய் தேய்ச்சது கறுக்கத்தானான்னு கேட்டா, அது அவர் புரிஞ்சுக்கிட்டது. எங்க ஆச்சியும்தான் வாராவாரம் பிள்ளைங்களுக்கு நல்லெண்ணெய் தேய்ச்சா, உடம்பு சூடு தணியட்டும்னு. ஆனா ஒரு வெளியூர்க்காரன் வந்து பார்த்து, இந்த ஊர்ல கறுப்புதான் கௌரவம்னு எழுதற அளவுக்கு ஒரு காலம் இருந்திருக்கு. அதுவும் இந்தக் கரையில.

அப்புறம் எப்போ மாறுச்சு? வெள்ளைக்காரன் வந்துதான் எல்லாம் கெட்டதுன்னு ஒரே வரியில முடிச்சா வசதியா இருக்கும், ஆனா சரியா இருக்காது. வெயில்ல உழைக்கிறவங்களை விட நிழல்ல இருக்கிறவங்களுக்கு மதிப்பு, எல்லா நாட்டுலயும் இருந்த ஒண்ணு. நம்ம ஊர் சாதியும் அதுல சேர்ந்துக்கிச்சு. ஐரோப்பாவுல சீமாட்டிகள் ஈயத்தை வெள்ளையாக்கி முகத்துல பூசினாங்க. பின்னாடி "முத்து வெள்ளை"ன்னு ஒரு பவுடர் அங்க வந்துச்சு. அதுல முத்து கிடையாது, பிஸ்மத் உலோகத்தோட உப்பு. கந்தக வாயு பட்டா முகத்துலயே கறுத்துப் போகும். முத்துன்னு பேர் வெச்சு வெளுப்பை விக்கிற வேலை அப்பவே ஆரம்பிச்சாச்சு.

நம்ம நாட்டுல 1919-ல பம்பாயில பாட்டன்வாலா ஆஃப்கன் ஸ்னோவைக் கொண்டு வந்தார். பேர்லயே பனி. 1975-ல ஃபேர் அண்ட் லவ்லி வந்துச்சு. எங்க துறைமுகம் பெரிய துறைமுகமா அறிவிக்கப்பட்டதுக்கு அடுத்த வருஷம். அதுக்கப்புறம் வந்த விளம்பரங்கள்ல கறுப்பான பொண்ணுக்கு வேலை கிடைக்காது, மாப்பிள்ளை கிடைக்காது. சிவப்பழகுன்னு ஒரு வார்த்தையே வீட்டு வார்த்தை ஆச்சு. 2009-ல சென்னையில கவிதா இம்மானுவேல் "கறுப்பே அழகு"ங்கிற பிரசாரத்தைத் தொடங்கினாங்க. கறுப்பு நிறத்தைத் தாழ்த்தி விளம்பரம் எடுக்கக் கூடாதுன்னு 2014-ல விளம்பரத் தர கவுன்சில் வழிமுறை போட்டுச்சு. 2020-ல அந்த கிரீமோட பேர்ல இருந்து ஃபேர் போய் க்ளோ வந்துச்சு. வெளுப்புங்கிற சொல் போய், ஒளிங்கிற சொல் வந்திருக்கு. சொல்லு மாறுறதுக்கும் மனசு மாறுறதுக்கும் நடுவுல, பேரே இல்லாத டப்பாக்கள் உள்ள நுழைஞ்சிடுது.

அந்த மாதிரி டப்பாக்கள்ல பல நேரம் இருக்கிறது பாதரசம். இல்லன்னா ஸ்டீராய்டு. சில நேரம் ரெண்டும். தோலுக்கு நிறம் தர்ற மெலனின் உருவாக ஒரு நொதி வேணும். பாதரசம் அதை முடக்கும். அதனாலதான் ஒரு வாரத்துலயே வெளுக்குது. ஆனா அது தோலோட நிக்காது, ரத்தத்துல கலந்து சிறுநீரகத்துக்குப் போகும். கேரளாவுல மலப்புரம் மாவட்டம் கோட்டக்கல்ல 2021 ஜூலைக்கும் 2023 செப்டம்பருக்கும் நடுவுல, சிறுநீர்ல புரதம் கசியற ஒரு வகை நோயோட வந்த 22 பேரை டாக்டர்கள் ஆராய்ஞ்சாங்க. அதுல 15 பேருக்கு, பொதுவா அரிதா வர்ற நெல்-1 என்கிற வகை. அந்த 15 பேர்ல 13 பேர் வெளுப்பு கிரீம் போட்டவங்க. கிரீமை நிறுத்தினதும் பெரும்பாலானவங்களுக்குக் குணமாச்சு.

சட்டம் இல்லாம இல்ல. 2020-ல வந்த நம்ம நாட்டு அழகுசாதன விதிகள்படி, பாதரசம் சேர்த்த கிரீமைத் தயாரிக்கவோ இறக்குமதி செய்யவோ கூடாது. தெரியாம கலந்தாலும் பத்து லட்சத்துல ஒரு பங்குக்கு மேல இருக்கக் கூடாது (கண் மைக்கு மட்டும் வரம்பு வேற). பாதரசத்துக்கான மினமாட்டா உடன்படிக்கை நாடுகள், பாதரசம் சேர்த்த எல்லா அழகுசாதனத்தையும் 2025-க்குள்ள நிறுத்தணும்னு 2023-ல முடிவெடுத்தாங்க. ஆனா பேரும் முகவரியும் இல்லாத டப்பாவை எந்த விதி பிடிக்கும்?

இதையெல்லாம் அவகிட்ட ஒரே மூச்சுல சொல்லல. கோட்டக்கல் சமாச்சாரத்தை மட்டும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்தா. "நிறுத்தினா திரும்பக் கறுத்துருமா சித்தி?"ன்னு கேட்டா. ஆமாம்னு சொன்னேன். பொய் சொல்லி நிறுத்த வைக்க மனசு வரல.

மறுநாள் ரெண்டு பேருமா தோல் டாக்டர்கிட்ட போனோம். டப்பாவையும் எடுத்துக்கிட்டுத்தான். பார்த்த உடனே டாக்டர் அம்மா, "இதைத் தொடாதீங்க"ன்னாங்க. சிறுநீர்ல புரதம் போகுதான்னு டெஸ்ட் எழுதினாங்க. ரிசல்ட் வர்ற வரைக்கும் எங்க அக்கா சாப்பிடல. புரதம் இல்லன்னு வந்துச்சு. ஒரு மாசம் கழிச்சு இன்னொரு தடவை பார்க்கணும்னு சொல்லியிருக்காங்க. முகத்துக்கு ஒரு சாதாரண மாய்ஸ்சரைசர், பகல்ல சன் ஸ்கிரீன், அவ்வளவுதான். கல்யாணத்தன்னைக்கு வேணும்னா ஹைலைட்டர் போட்டுக்கலாமான்னு அவ கேட்டா. தாராளமா போட்டுக்கோன்னு டாக்டர் சிரிச்சாங்க.

முதல் வாரம் முகம் சிவந்து அரிச்சுது. இப்போ அந்த வெளுப்பு போய், அவ நிறம் திரும்பி வந்துக்கிட்டு இருக்கு. நேத்து சாயங்காலம் வாசல்ல நின்னு பூ கட்டிக்கிட்டு இருந்தா. சன் ஸ்கிரீனும் மாய்ஸ்சரைசரும் மட்டும்தான். வெயில் சாய்ஞ்சு முகத்துல பட்டப்போ நல்லாத்தான் இருந்தா. மாப்பிள்ளைகிட்ட போன்ல எல்லாத்தையும் சொல்லிட்டாளாம். அந்தப் பையன், "பரவால்லன்னு சொன்னது எங்க பெரியம்மா, நான் இல்ல"ன்னானாம். பிழைச்சுக்குவான். :-)

பி.கு.: அந்த டப்பாவைக் குப்பையில போட வேண்டாம்னு டாக்டர் சொல்லிட்டாங்க, பாதரசம் மண்ணுக்கும் தண்ணிக்கும்தான் போய்ச் சேரும். இறுக்க மூடி அவங்ககிட்டயே கொடுத்துட்டு வந்தோம். உங்க வீட்டு அலமாரியிலயும் பேர் இல்லாத டப்பா ஏதாவது இருந்தா, இன்னைக்கே ஒரு தடவை திருப்பிப் பாருங்க. பின்னாடி ஒண்ணுமே எழுதலன்னா, அதுவே ஒரு பதில்தான்.